குமாஸ்தா எழுதிய தலையெழுத்து

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். என் மாமா, அதாவது என் அம்மாவின் அண்ணன், கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த எழுபதையும் நாற்பது தடவைக்குக் குறையாமல் இறங்கி ஏறியிருக்கிறார். மிளகு விற்கவோ ஆஸ்பத்திரிக்கோ போன கணக்கை இதில் சேர்க்கவில்லை. ஒரு புத்தகத்தில் உள்ள நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்தப் போன கணக்கு மட்டும்தான் இது.

அந்தப் புத்தகத்தை முன்னாள் படைவீரர்கள் வீட்டில் நீங்கள் பார்த்திருக்கலாம். டிஸ்சார்ஜ் புக் என்பார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், எங்கெல்லாம் இருந்தார், என்ன பதக்கம், நடத்தை எப்படி, மனைவி பிள்ளைகள் பெயர் என்ன என்று ஒரு மனிதனின் இளமை முழுவதும் அதற்குள் இருக்கும். மாமா 1979-இல் சேர்ந்து 17 ஆண்டு முடித்து 1996-இல் நாயக்காக ஓய்வு பெற்றவர். (ஒரு வருவாய் ஊழியர் இந்த 'நாயக்'கைப் படித்துவிட்டு "அப்ப நீங்க நாயக்கரா?" என்று கேட்டது தனிக்கதை.) பனிமலையிலும் பாலைவனத்திலும் நின்றவர், இன்று ஒரு பிளாஸ்டிக் பையில் ஜெராக்ஸ் கட்டோடு பேருந்துக்கு நிற்கிறார். அந்தப் பையைக் கட்டிக் கொடுத்து, மனுக்களை எழுதிக் கொடுத்து, பாதி நாள் கூடவே போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை பிறந்த தேதி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆள் எடுப்பு முகாமில் எழுதிய தேதி ஒன்று, ஆதாரில் சனவரி 1. எங்கள் மலையில் அறுபது தாண்டியவர்களில் பாதிப்பேர் சனவரி முதல் தேதி பிறந்தவர்கள்தான். வருடம் மட்டும் குத்துமதிப்பாகச் சொன்னால் கணினி சனவரி முதல் தேதியைப் போட்டுக்கொள்கிறது.

இரண்டாவது அத்தையின் பெயர். அது 'சின்ன' என்று தொடங்கும். ஹிந்திக்கார எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியதை இன்னொரு எழுத்தர் படி எடுக்க, அது 'சைனா' ஆகிவிட்டது. எல்லையில் சீனாவைப் பார்த்துத் துப்பாக்கி பிடித்து நின்றவரின் மனைவி, இந்திய இராணுவ ஏட்டில் சைனா! முதலில் இதைக் கேட்டபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது மாமாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் சிரிக்கக்கூடியவை அல்ல. 'வகுப்பு' என்ற கட்டத்தில் 'மலையாளி'. அதற்கேற்பத் தாய்மொழி 'மலையாளம்'. பெயரின் கடைசிப் பகுதி 'கவுண்டர்'.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன், சவ்வாது மலைகளில் வாழும் எங்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் என்று எங்கள் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, நாங்கள் பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் 7.94 லட்சம் பழங்குடிகளில் சுமார் மூன்றரை லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடி இதுதான். ஆனால் இராணுவத்தில் 'மலையாளி' என்றால் ஒரே பொருள்தான். முகாமில் "என்ன வகுப்பு?" என்று கேட்டிருக்கிறார்கள், மாமா உண்மையைச் சொல்லியிருக்கிறார். எழுத்தர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தாய்மொழியையும் தானே நிரப்பிவிட்டார். படைப்பிரிவில் கேரளத் தோழர்கள் முதல் வருடம் ஓணத்துக்கு மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்.

சரி, இதெல்லாம் 1979-இல் நடந்தது. ஓய்வூதியமும் இத்தனை வருடம் வந்துகொண்டுதானே இருந்தது, இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள்.

வந்தது 'ஸ்பர்ஷ்'. வங்கிகள் வழியாகப் போய்க்கொண்டிருந்த படைவீரர் ஓய்வூதியத்தை ஒன்றிய அரசு சில ஆண்டுகளுக்கு முன்பு பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்குத் துறையின் கீழ் ஒரே கணினி அமைப்புக்கு மாற்றத் தொடங்கியது. அந்த அமைப்பின் சுருக்கப் பெயர்தான் ஸ்பர்ஷ். வடமொழியில் தொடுதல் என்று பொருள். தீண்டாமைக்கு அவர்கள் மொழியில் இதே வேர்ச்சொல்லில் இருந்துதான் பெயர் வருகிறது என்பது பெயர் வைத்தவர்களுக்கு நினைவு வந்ததா தெரியவில்லை. கணினிக்குக் கண்ணோட்டம் கிடையாது. டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று என்று இருந்தால் அது 'பொருந்தவில்லை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். வங்கிக் கிளையில் இருபது வருடமாக முகம் தெரிந்த ஊழியர் "அட, நம்ம மிலிட்டரிக்காரர்" என்று செய்து கொடுத்ததெல்லாம் இனி இல்லை. 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம், ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால் நாடு முழுவதும் 58,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நின்றுபோனது. கூச்சல் எழுந்த பிறகு பாதுகாப்பு அமைச்சகம் ஒருமுறை விலக்குக் கொடுத்து அதை விடுவித்தது.

மாமாவுக்கு ஓய்வூதியம் நிற்கவில்லை. அவர் பயம் அவருக்குப் பிறகானதைப் பற்றி. கணவர் இறந்த பின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வர வேண்டுமானால் ஆணையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அவருடையதாக இருக்க வேண்டும். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "ஏம்ப்பா மாப்ள, நான் போயிட்டா உங்க அத்தை சைனா இல்லைன்னு யாரு போய் ரூசு பண்றது?"

திருத்த வழி இருக்கிறது. மறுக்கவில்லை. விண்ணப்பம், டிஸ்சார்ஜ் புக் நகல், ஓய்வூதிய ஆணை நகல், ஆதார், பான், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், நீதித்துறை நடுவர் முன் உறுதிமொழிப் பத்திரம், பெயர் மாற்றம் என்றால் செய்தித்தாள் விளம்பரம். மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக இது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஏட்டில் ஆணை வெளியிட்டுத் திருத்துவார்கள். பிறகு ஓய்வூதியத் துறை திருத்திய ஆணையை வெளியிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய அலுவலகத்தின் தாளைக் கேட்கிறது. முதல் மனு ஏழு மாதம் கழித்து, கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திரும்பியது. பத்தொன்பது வயதில் போட்ட கையெழுத்தை, மாரடைப்பு வந்த கை எப்படிப் போடும்? இரண்டாவது மனு, உறுதிமொழிப் பத்திரத்தில் 'சைனா என்கிற சின்ன...' என்று எழுதாமல் 'சின்ன... என்கிற சைனா' என்று எழுதிவிட்டதற்காகத் திரும்பியது. அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான். என் பெயரிலும் ஒரு எழுத்துப்பிழை இருக்கட்டும்.

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுபடுத்த வேண்டும். இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் பிறந்த தேதி இராணுவத்தின் ஒரு பிரிவில் 1951 மே 10, இன்னொரு பிரிவில் 1950 மே 10. பள்ளி இறுதிச் சான்றிதழில் 1951. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர 1965-இல் நிரப்பிய விண்ணப்பத்தில் 1950. பள்ளியில் நேர்ந்த எழுத்துப்பிழை என்பது அவர் தரப்பு. 1951 என்று ஏற்றிருந்தால் இன்னும் சுமார் பத்து மாதம் பதவியில் இருந்திருப்பார். 2012 சனவரியில், பதவியில் இருக்கும்போதே, அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். அப்படிப் போன முதல் தலைமைத் தளபதி அவர்தான். பிப்ரவரி 10 அன்று நீதிமன்றம் இடம் கொடுக்காது என்று தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31-இல் ஓய்வு பெற்றார். பிறகு ஒன்றிய அமைச்சர் ஆனார்.

அந்த வாரங்களில் தொலைக்காட்சிகளில் பேசாதவர் இல்லை. ஒரு இராணுவ வீரனின் மானம், நேர்மை, நாட்டின் பாதுகாப்பு என்று விவாதம் நடந்தது. அவருக்குக் கிடைத்தது தோல்வி என்றாலும், அந்த ஒற்றை இலக்கத்துக்காகப் பேச மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அமைச்சகத்தில் கோப்புகள் மேலும் கீழும் ஓடின, சட்ட அமைச்சகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. தலைமைத் தளபதியாலேயே ஒரு இலக்கத்தை நகர்த்த முடியவில்லை என்றால், அரியூர்நாட்டிலும் குண்டூர்நாட்டிலும் இருக்கும் சிப்பாய்கள் எதை நகர்த்தப் போகிறார்கள்? பிறந்த தேதியை மாமா விட்டுவிட்டார். அரசு ஊழியர் பிறந்த தேதியைத் திருத்தப் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. அதை 1993-இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. ஓய்வு பெற்று இத்தனை ஆண்டு கழித்துக் கேட்டால் சிரிப்பார்கள். அதில் எனக்கும் பெரிய வருத்தம் இல்லை. சேவை முடிந்து சம்பளம் வாங்கியபின் வயதைத் திருத்துவதில் மோசடிக்கு இடம் உண்டு என்பது நியாயமான வாதம்தான்.

ஆனால் 'கவுண்டர்' விசயத்தை விட முடியாது.

மாமாவின் மகன், என் மச்சான், பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பிழைப்புக்காக வேறு மாவட்டத்துக்கு இறங்கியவன். சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற தேவையே அவனுக்கு வந்ததில்லை. அவன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு நன்றாக எழுதினாள், அப்போதுதான் தேவை வந்தது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பர் வரை வட்டாட்சியர் கொடுத்தார். அதன் பிறகு வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க முடியும். அவர்கள் கேட்டது: அப்பாவின் சான்றிதழ் அல்லது தாத்தாவின் பழைய அரசு ஆவணம். வீட்டில் இருந்த ஒரே பழைய அரசு ஆவணம் டிஸ்சார்ஜ் புக்தான். பெருமையாக எடுத்துக் கொண்டுபோய் நீட்டினார் மாமா. அந்த அலுவலகத்தில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பேர்ல கவுண்டர்னு இருக்கு, தாய்மொழி மலையாளம்னு இருக்கு. ஒண்ணு நீங்க கொங்குக் கவுண்டர், இல்லைன்னா கேரளாக்காரர். எஸ்.டி. எப்படி?"

பதினேழு ஆண்டு இராணுவத்தில் இருந்ததற்கான அத்தாட்சியே, அவர் யார் என்பதற்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 'கவுண்டர்' என்று எழுதியது எழுத்தர்தான், சொன்னது மாமா. முகாமில் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. ஆனால் எங்கள் மலையில் ஊர்த் தலைவருக்கு ஊர்க்கவுண்டர் என்றுதான் பெயர், அந்தப் பட்டம் அப்படியே எல்லோர் பெயருக்குப் பின்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்தார்கள், அவர்கள் வேளாளர் வழி என்று ஒரு கதை எங்களிடம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கீழ்நாட்டு ஆதிக்க சாதியின் பட்டம் தனக்கும் உண்டு என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கிளுகிளுப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தப் பெருமையில்தான் மலையிலேயே வாழும் தலித் குடும்பங்களைத் தள்ளி வைக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனும் அந்தப் பெருமையில்தான் சொல்லியிருக்கிறான். ஒருநாள் பேருந்தில் இறங்கும்போது மாமாவிடம் நேராகவே கேட்டேன். நாற்பத்தேழாவது வளைவோ நாற்பத்தெட்டோ, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டவன் ராஜ்புத்து. சும்மா விட்டா என்னைய எதுக்குக் கீழ எழுதுவானோன்னு இருந்துச்சு."

அந்தப் பயம் பொய்யில்லை. இராணுவ ஏட்டில் சாதிக் கட்டம் என்பது ஏதோ விவரக்குறிப்பு அல்ல. 1857-க்குப் பிறகு வெள்ளையன், சண்டைக்குப் பிறந்த சாதி, பிறக்காத சாதி என்று இந்தியர்களைப் பிரித்தான். 1880-களில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதுக்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு உதவாதவர் என்று முடிவுகட்டினார். சென்னைப் படையில் பெருமளவில் இருந்த பறையர்கள் காலாட்படையிலிருந்து ஒதுக்கப்பட்டு, பாதை வெட்டும், பாலம் கட்டும் சாப்பர் படையில்தான் பெரும்பாலும் தங்கினார்கள். 1890-களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதார். ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894-இல் மகர்களை மீண்டும் சேர்க்கக் கோரி மனு தயாரித்தார். 1910-இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே இலண்டன் வரைக்கும் மனு அனுப்பினார். மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 ஆனது. மேற்கு இந்தியாவில் தலித் அரசியலின் முதல் தாள்களில் சில, படைவீரர்கள் தங்கள் ஏட்டைத் திருத்தக் கேட்டு எழுதிய மனுக்கள்தான். என் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பைக்கு இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால், வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

வெள்ளையன் போனபிறகும் அந்தக் கட்டம் போகவில்லை. 2022 சூலையில் அக்னிபாத் ஆள் எடுப்பில் ஏன் சாதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள் என்ற கேள்வி எழுந்தபோது, பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்ன பதில், இது விடுதலைக்கு முன்பிருந்தே இருக்கும் பழைய முறை என்பது. பழைய முறை என்பதே காரணமாகிவிடுமா? படையில் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீடு கிடையாது. பிறகு சாதி எதற்கு? எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் வேலை என்று அதே அக்னிபாத் அறிவிப்பில் இருக்கிறது. துடைப்பம் எந்தப் பிள்ளைகள் கைக்குப் போகும் என்பதைக் கட்டம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

உலகத்தையும் பார்த்துவிடுவோம். பிரித்தானியப் பேரரசுக்காகச் செத்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயரே இல்லாமல் அல்லது எந்த நினைவும் இல்லாமல் விடப்பட்டார்கள் என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஈராக்கின் பஸ்ராவில் உள்ள நினைவுச்சின்னத்தில் பிரித்தானியச் சிப்பாய்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். நூறு வருடம் கழித்தாவது, தவறு எங்களுடையது, தேடும் வேலையும் எங்களுடையது என்று அந்த ஆணையம் சொன்னது. இறந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்கவில்லை.

இனி, தோழர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி. சாதியை ஒழிக்க வேண்டும் என்கிற நாம், ஏட்டில் சாதியைச் சரியாக எழுதச் சொல்லி அலைவது முரண் இல்லையா? திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019 பிப்ரவரியில் 'சாதி, மதம் அற்றவர்' என்று சான்றிதழ் வாங்கினாரே, அதுதானே நம் வழி? சினேகாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதிக் கட்டத்தை வெறுமையாக விட 1973-லேயே அரசாணை இருக்கிறது, விரும்புகிறவர்கள் விடட்டும். ஆனால் மாமாவின் ஏட்டில் இருப்பது வெற்றிடம் இல்லை, பொய். அந்தப் பொய் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கல்லூரி இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 1922-இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதத் தீர்மானம் கொண்டுவந்தார். சாதியைக் காப்பாற்றவா கொண்டுவந்தார்? எங்களை என்னவென்று எழுதுவது என்பதை நாங்கள் சொல்வோம் என்பதற்காகக் கொண்டுவந்தார்.

இன்னொரு பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். போலிப் பழங்குடிச் சான்றிதழ்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றால் பறிபோனது எங்கள் இடங்கள்தான். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். பழங்குடிப் பட்டியலில் உள்ள சொல்லை உள்ளபடியேதான் படிக்க வேண்டும், நீட்டவோ குறுக்கவோ நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று 2000-இல் மிலிந்த் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. கறாராக இருக்கட்டும். ஆனால் அந்தக் கறாரே எப்படி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பாருங்கள். 2023 மார்ச்சில், சடங்கு, பழக்கவழக்கச் சோதனை மட்டுமே இறுதியானதல்ல, அரசியல் சாசனத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. படித்த, நிலப்பட்டா உள்ள குடும்பங்களுக்கு அது நல்ல தீர்ப்பு. 1950-க்கு முந்தைய தாள் எங்கள் மலையில் யார் வீட்டில் இருக்கிறது? சாமையும் தினையும் கொட்டி வைத்த குதிர்தான் இருந்தது.

பட்டியலிலேயே இருக்கும் கோளாறு வேறு. சட்டப்படி சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் மலையாளிகள்தான் பழங்குடிகள். நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதால் நாங்கள் உள்ளே. ஈரோடு கோவையிலிருந்து பிரிந்தது என்பதால் அந்தியூர், பர்கூர் மலைகளில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் வெளியே. அங்கே பெண் கொடுத்திருந்தால் அக்கா எஸ்.டி., தங்கை பிள்ளைகள் வேறு. இதைத் திருத்தக் கேட்டு எத்தனை பத்தாண்டுகளாக மனு! 2022 அக்டோபரில் தன் பிள்ளைக்கு மலைக்குறவர் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். மாமா அந்தச் செய்தித்தாளை மடித்து டிஸ்சார்ஜ் புக்குக்குள் வைத்திருக்கிறார். ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வூதியர் ஒவ்வொருவருக்கும் அவர் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, எல்லாக் கட்டங்களையும் சேர்த்து, அவர் மொழியில் ஒரு தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். கணினியில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு அச்சிடத் தெரியாதா? அரசின் எழுத்தர் செய்த பிழையை அரசே தன் செலவில் திருத்த வேண்டும், செய்தித்தாள் விளம்பரத்துக்கு எங்கள் மாமா ஏன் மரவள்ளி விற்ற பணத்தைக் கட்ட வேண்டும்? ஆள் எடுக்க முகாம் போடத் தெரிந்த இராணுவம், செம்மேட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து ஏடு திருத்தவும் முகாம் போடலாம். எழுபது வளைவை அவர்களும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். வருவாய்த் துறையோ, இராணுவ ஏட்டின் வகுப்புக் கட்டத்தைப் பழங்குடி அடையாளத்துக்கு எதிரான சான்றாக எடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அங்கே வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியிடமும் இதை எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

போன மாதம் ஆவண அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அத்தையின் பெயர் சரியாகிவிட்டது. ஒரு எழுத்து கூட மிச்சம் வைக்காமல் சரியாக எழுதியிருந்தார்கள். மாமா அதை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார், அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் அவரும் வாங்கிப் பார்த்தார். தாய்மொழி மலையாளம்தான். கவுண்டரும் அங்கேயே இருக்கிறார். சேரும்போது தானே அளித்த விவரம் என்பதால் மாற்ற இயலாது என்று ஒரு வரி. பேத்தி இந்த வருடம் பொதுப் பிரிவில் கிடைத்த ஒரு கல்லூரியில், கிடைத்த பாடத்தில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மனுவை எழுதி வைத்துவிட்டேன். இந்த முறை 'என்கிற' எங்கே வர வேண்டும் என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் பேருந்துக்கு இறங்குகிறோம்.